எரிந்த கரும்புக்கு முதலிடம்

டொக்யார்ட் வீதி,
திருகோணமலை.
12.05.1974

அன்புள்ள சோமு,

நான் சுகமாக இருக்கிறேன். படி ஏறும்போது முழங்கால் முறைப்பாடு செய்கிறது; நான் அதைக் கேட்பதில்லை. உன் சுகத்தையும் இராசமலரின் சுகத்தையும் பிள்ளைக்குச் சளி மாறியதா என்பதையும் எழுது.

நேற்றுத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. எங்கள் மேல்மாடி ஜன்னலில் நின்றால் தெரிகிறது. சீனியாம். மூடைகளைப் பெரிய வள்ளங்களில் இறக்கி, லொறியில் ஏற்றி, பொலிஸ் காவலோடு கொண்டுபோகிறார்கள். கூப்பனுக்குச் சங்கக்கடையில் தருகிற சீனி எனக்கு ஒரு கிழமைக்கே காணாது. பக்கத்து வீடுகளில் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். சீனி இல்லாவிட்டால் நான் வெறும் தேத்தண்ணீர் குடிப்பேனே தவிர நக்க மாட்டேன்.

சீனி கப்பலில் வருகிறது. இருபது மைல் தள்ளி நாவற்சோலையில் எங்கள் வயற்கண்டத்துக் கரும்பு ஆளுக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. ஸைனுலாப்தீன் வந்து சொன்னார், முற்றிவிட்டதாம். அந்த மனிதர் பத்து வருடம் அதில் நெல் விதைத்து எனக்குப் பாதி தந்தவர். கரும்பு போடச் சொன்னது நீ. உன் சீனி ஆலையை நம்ப மாட்டேன் என்று அவர் நின்றார். "முறை வரும்போது வெட்டுவார்கள், அதற்கு நான் பொறுப்பு" என்று நான் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். நெல் இரண்டு போகம் போனது என் வார்த்தையை நம்பித்தான்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். எந்தக் கண்டத்தை எப்போது வெட்டுவது என்று துண்டு எழுதுகிறவன் நீ. மாமியின் கண்டம் என்று ஒரு நாள்கூட முன்னுக்கு வைக்காதே. உன் மாமா இருபத்தெட்டு வருடம் டொக்யார்ட்டில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். கந்தோர்ப் பென்சில் ஒன்றுகூட இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. அந்தப் பெயர் கெடக்கூடாது.

அன்பு மாமி,
கமலாதேவி இராசதுரை


நாவற்சோலை சீனி ஆலை விடுதி
25.05.1974

அன்புள்ள மாமி,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். பிள்ளைக்குச் சளி மாறிவிட்டது. இப்போது தவழ்ந்து குசினிக்குள் போகிறாள். இராசமலர் உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சி அனுப்புகிறாளாம். மறுக்காமல் பூசுங்கள்.

கண்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு தடியை முறித்து, ஒரு துளிச் சாறைக் கருவியில் விட்டுப் பார்த்தேன். நல்ல இனிப்பு. இந்த வருடம் நான் பார்த்த கண்டங்களில் இவ்வளவு இனிப்பு சிலவற்றில்தான். ஸைனுலாப்தீன் காக்காவிடம் சொன்னபோது, "சாறு காட்டுறது சரி தம்பி, லொறியை எப்ப காட்டுவீங்க?" என்றார்.

அவர் அவசரப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் வெட்டிய கரும்பு இரண்டு நாளைக்கு மேல் கிடந்தால் புளித்துப்போகும். ஆலை ஒரு நாளில் நசிக்கக்கூடிய அளவுதான் ஒரு நாளில் வெட்டலாம். அதனால்தான் துண்டு இல்லாமல் ஒருவரும் கத்தி வைக்கக்கூடாது என்பது. நட்ட ஒழுங்கில் பார்த்தால் உங்கள் முறை ஜூனில் வரும்.

நீங்கள் எழுதியதை மறக்க மாட்டேன். பள்ளிக்கூடக் காலம் முழுக்க உங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

உங்கள் மருமகன்,
சோமசேகரம்


டொக்யார்ட் வீதி
07.07.1974

அன்புள்ள சோமு,

இராசமலரின் எண்ணெய் கிடைத்தது. வாசனை பலமாக இருக்கிறது. குணமும் கொஞ்சம் இருக்கிறது. அவளுக்கு நன்றி சொல். நீங்கள் மூவரும் சுகமென்று நம்புகிறேன். உன்னிடமிருந்து ஆறு கிழமையாகக் கடிதம் இல்லை.

ஜூன் போய்விட்டது. ஸைனுலாப்தீன் முந்தநாள் வந்தார். எங்கள் கண்டத்துக்குக் கிழக்கே உள்ளதையும் மேற்கே உள்ளதையும் வெட்டிவிட்டார்களாம். இரண்டும் எங்களுக்குப் பிறகு நட்டவை. நடுவில் எங்களுடையது மட்டும் நிற்கிறது. பொழுது பட்டதும் யானைக்கு அது தனியாகத் தெரிகிறதாம். அவர் பரணில் தகரம் தட்டிக்கொண்டு கிடக்கிறார்.

"ஏனாம்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் அம்மா. நீங்கதானே பொறுப்பு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொன்வென்றில் எங்களுக்குப் படிப்பித்த ஐரிஷ் சிஸ்டர், காரணம் தெரியாமல் ஒருவரைக் குற்றம் சொல்லக்கூடாது என்பார். ஆகவே குற்றம் சொல்லவில்லை. காரணம் கேட்கிறேன். எங்கள் முறை ஏன் வரவில்லை? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுது.

அன்பு மாமி,
கமலாதேவி


நாவற்சோலை
04.08.1974

அன்புள்ள மாமி,

எழுதப் பிந்தியதற்கு மன்னியுங்கள். நாங்கள் சுகம். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது போல, பகலெல்லாம் அழுகை. உங்கள் முழங்கால் எப்படி?

இங்கே வேலை கடினம். ஆலையின் இரண்டாவது உருளையில் வெடிப்பு. புதிது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்; அந்நியச் செலாவணி அனுமதி கொழும்பில் மேசை மேசையாகப் போகிறது. அதுவரை பாதி வேகத்தில்தான் ஓட்டுகிறோம்.

புதிதாக வந்த பயிற்சியாளருக்கு நேற்று ஒரு வகுப்பு எடுத்தேன். உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைத்தேன். கரும்பு முதலில் நியூகினியாத் தீவில் வளர்ந்ததாம். அதன் சாற்றைக் காய்ச்சிக் கல்லாக்கப் பழகியது இந்தியாவில். ஐரோப்பாவில் ஒரு காலம் சீனியை மருந்துக்கடையில் பூட்டி வைத்து, வருத்தக்காரருக்கு நிறுத்துக் கொடுத்தார்களாம். இப்போது எங்கள் நாட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

பொறுமையாக இருக்கும்படி ஸைனுலாப்தீன் காக்காவிடம் சொல்லுங்கள். எல்லாம் ஒழுங்காகும்.

உங்கள் மருமகன்,
சோமசேகரம்


டொக்யார்ட் வீதி
11.08.1974

சோமு,

நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டும்.

நான் என் கரும்பைப் பற்றிக் கேட்டேன். நீ நியூகினியாவைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

உருளை வெடித்தது ஜூலை கடைசியில் என்று பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் முறை ஜூனில். ஜூனில் உருளை நன்றாகத்தான் சுற்றியது.

ஸைனுலாப்தீன் நேற்று வந்தபோது வெளி வராந்தாவில் கதிரை போட்டு இருத்தி, வெட்டுக் கங்காணி தவராசாவிடம் கேட்டீரா என்று விசாரித்தேன். நடந்த கதையை அப்படியே எழுதுகிறேன், நீயே வாசி.

"கேட்டன் அம்மா. சிரிக்கிறான்."

"என்ன சிரிப்பு?"

"'காக்கா, ஒங்கட கண்டத்துக்குச் சொந்தக்காரி ஐயாட மாமி. அதான் ஒங்களுக்கு வெட்டு இல்ல' எண்டான். மாமி எண்டா முதல்ல எல்லோ வெட்டணும் எண்டு கேட்டன். 'அது மத்த ஐயாமாருக்கு. இந்த ஐயா நல்லவர். ஒங்கட துண்டு மேல வரவர எடுத்து அடியில வைக்கிறார்' எண்டு சொல்லிப்போட்டுப் போறான்."

அதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முற்றத்துத் தேசிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன்.

இது உண்மையா, பொய்யா? ஓம் அல்லது இல்லை என்று எழுது.

கமலாதேவி


நாவற்சோலை
25.08.1974

அன்புள்ள மாமி,

ஓம்.

உங்கள் சுகத்தை விசாரிக்கவும் கூச்சமாக இருக்கிறது. விசாரிக்காமல் இருக்கவும் ஏலவில்லை.

போன வருடம் இங்கே எனக்கு முன் இருந்த அலுவலர் தன் மைத்துனரின் கண்டத்தை முதலில் வெட்டினார் என்று சனங்கள் ஆலை வாசலில் குந்திவிட்டார்கள். அவரை மாற்றி, என்னை வைத்தார்கள். ஜூனில் உங்கள் துண்டை எழுத எடுத்தபோது உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு கண்டம் போகட்டும் என்று வைத்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு, இத்தனை நாள் வைத்துவிட்டு இப்போது எடுத்தால் யாரோ கதைப்பார்கள் என்று தோன்றியது. இப்படியே போய்விட்டது, மாமி. உங்களுக்கு எழுத முகம் இல்லை. அதுதான் நியூகினியா.

இப்போது எடுக்க நினைத்தாலும் வேறு சிக்கல். ஆலை பாதி வேகம். காத்திருந்து அலுத்தவர்கள் தங்கள் கரும்பைத் தாங்களே கொளுத்துகிறார்கள். எரிந்த கரும்பு நின்றபடியே இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். ஆகவே அதை முதலில் எடுக்க வேண்டும் என்பது ஆலை விதி. இன்று ஒன்று எரிகிறது, நாளை இரண்டு எரிகிறது. பச்சையாய் நிற்பவை பின்னுக்குப் போகின்றன. வேண்டுமென்று கொளுத்தியவர் யாரென்று தெரிந்தால் அந்தக் கண்டத்துக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது என்று மனேஜர் அறிவித்தல் போட்டார். ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. காரணம் எழுதும் இடத்தில் "அறியப்படாத நபர்" என்று எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது.

இந்தத் தீ ஓய்ந்ததும் முதல் துண்டு உங்களுடையது. சத்தியம்.

உங்கள் மருமகன்,
சோமசேகரம்


டொக்யார்ட் வீதி
01.09.1974

சோமு,

முன்னுக்கு வைக்காதே என்று எழுதினேன். பின்னுக்குத் தள்ளு என்று எந்த வரியில் எழுதினேன்? கடிதம் உன்னிடம் இருக்குமே, எடுத்து வாசித்துப் பார்.

உனக்கு நல்லவன் என்ற பெயர் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்து வாங்க என் கரும்புதானா கிடைத்தது? அதிலும் பாதி ஸைனுலாப்தீனுடையது. அவரும் மனைவி ஸல்ஹாவும் பிள்ளைகளும் அந்தப் பாதியை நம்பித்தான் இருக்கிறார்கள். நல்ல பெயர் வேண்டுமென்றால் உன் சொந்தப் பொருளைக் கொடுத்து வாங்கு. பிறத்தியாருடையதைக் கொடுத்து வாங்குவதற்குப் பெயர் நேர்மை அல்ல.

அந்தக் கரும்பை வேறு யாருக்கும் விற்கவும் ஏலாது, பிழிந்து சர்க்கரை காய்ச்சவும் ஏலாது. ஆலைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. வெட்டவும் ஏலாது. பார்த்துக்கொண்டிருக்க மட்டும் ஏலும். அதைத்தான் நான்கு மாதமாகச் செய்கிறோம்.

கொளுத்துகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தாய். வெட்கம் கெட்டவர்கள். செய்துவிட்டு, செய்யவில்லை என்று நிற்கிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

முழங்கால் அப்படியே இருக்கிறது. பிள்ளைக்குப் பல் முளைத்ததா?

கமலாதேவி


நாவற்சோலை
18.09.1974

அன்புள்ள மாமி,

நாங்கள் சுகம். பல் இன்னும் வெளியே வரவில்லை.

தீ ஓயவில்லை. போன கிழமை மட்டும் எட்டுக் கண்டம். உருளையும் வரவில்லை. ஐப்பசி மழை தொடங்கினால் லொறி கண்டத்துக்குள் இறங்காது, சேற்றில் புதையும். அப்படியானால் மழை முடிந்து தை மாதத்தில்தான். அதற்குள் தடி உள்ளே வெடித்துச் சக்கையாகிவிடும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

என்னால் செய்யக்கூடியது வேறொன்றுமில்லை. ஸைனுலாப்தீன் காக்காவிடம் நானே போய்ச் சொல்லட்டுமா?

உங்கள் மருமகன்,
சோமசேகரம்


டொக்யார்ட் வீதி
24.09.1974

அன்புள்ள சோமு,

நான் நல்ல சுகம். நீ ஒருவரிடமும் போய் ஒன்றும் சொல்ல வேண்டாம். வாக்குக் கொடுத்தவள் நான், சொல்ல வேண்டியவளும் நான்.

சொல்லத்தான் நேற்று அவரை வரச் சொன்னேன். நோன்பு என்பதால் தண்ணீரும் குடிக்கவில்லை. தை மாதம்தான் வெட்டு என்று சொன்னேன். ஊரில் எல்லோரும் தன்னிடம் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள் என்றார்.

"என்ன கதை?"

"'ஒரு நெருப்புக்குச்சி என்ன விலை காக்கா, வாங்கித் தரவா?' எண்டு கேக்கிறாங்கள்."

"நீர் என்ன சொன்னீர்?"

"மத்தவன் கொளுத்தினா ஆரோ கொளுத்தினது. நான் கொளுத்தினா ஸைனுலாப்தீன் கொளுத்தினது. பின்னேரத்துக்குள்ள பொலிஸ் என்ட வாசல்ல நிக்கும். வேண்டாம் அம்மா. காஞ்சா காயட்டும்."

அவர் சொன்னது சரி. அவரைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

நீ கரும்பு படித்தவன் என்பதால் சில சந்தேகங்கள் கேட்கிறேன். எரிந்த தடியில் இனிப்புக் குறையுமா, அல்லது இலை மட்டும்தான் எரிகிறதா? எரிந்தபின் அடிக்கட்டை தளிர்க்குமா? கிழக்கிலும் மேற்கிலும் வெட்டிய வெறும் நிலமும், தெற்கில் வாய்க்காலும் இருந்தால் தீ வெளியே பாயுமா? வடக்கே உள்ள வண்டிப்பாதையின் அகலம் போதுமா? பொது அறிவுக்காகக் கேட்கிறேன். கொன்வென்றில் இவற்றைப் படிப்பிக்கவில்லை.

பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறேன்.

அன்பு மாமி,
கமலாதேவி


டொக்யார்ட் வீதி,
திருகோணமலை.
04.10.1974

கரும்பு அலுவலர் அவர்கட்கு,
நாவற்சோலை சீனி ஆலை.

ஐயா,

எனது பெயரில் பதிவான கண்டத்துக் கரும்பு இன்று வெள்ளிக்கிழமை நண்பகலில் எரிந்தது. கொளுத்தியவள் நான்.

முதல் பஸ்ஸில் வந்து, வாய்க்கால் கட்டில் நடந்து போனேன். உள்ளே ஒருவரும் இல்லை என்பதை நான்கு பக்கமும் சுற்றிக் கூப்பிட்டு உறுதி செய்தேன். காற்று அடங்கியிருந்தது. காய்ந்த தோகையில் மேற்கு மூலையில் வைத்தேன். முதல் குச்சிகள் அணைந்தன. நெருப்புப்பெட்டி கூப்பன் சாமான், தரம் சரியில்லை. பிடித்தபின் மிகவும் வேகமாக எரிந்தது. இரண்டு முயல்களும் ஒரு நரியும் ஓடின. தீ வெளியே போகவில்லை. முற்றாக அணையும் வரை வாய்க்கால் கட்டிலேயே நின்றேன்.

கண்டத்தில் பயிர் செய்யும் ஸைனுலாப்தீன் அந்நேரம் கிண்ணியாவில் ஜும்ஆத் தொழுகையில் இருந்தார். பள்ளிவாசலில் அவரைக் கண்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமையை நான் தெரிந்தெடுத்தது அதற்காகவே. அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜும்ஆவுக்குப் பாதைப் படகு ஏறி ஊருக்குப் போய், நோன்பு திறந்துவிட்டு வரும்படி மட்டும் சொன்னேன்.

எரிந்த கரும்பை முதலில் எடுக்க வேண்டும் என்பது தங்கள் ஆலையின் விதி. தாங்களே எனக்கு எழுதி அறிவித்தீர்கள். லொறிகளை அனுப்பிவையுங்கள். கொளுத்தியவருக்கு விலை இல்லை என்பதும் விதி. என் பாதியை ஆலை வைத்துக்கொள்ளட்டும். மற்றப் பாதி ஸைனுலாப்தீனுடையது. அவர் கொளுத்தவில்லை, அவருக்குரியதை அவருக்குக் கொடுக்கவும்.

இங்ஙனம்,
திருமதி கமலாதேவி இராசதுரை

பி.கு.: சோமு, வெயிலில் நின்றதால் தலையிடி. படுத்து எழும்பினால் மாறிவிடும். சேலையில் கரி பிடித்துவிட்டது, சவர்க்காரத்துக்கும் போகவில்லை. பிள்ளைக்குப் பல் முளைத்ததா?


நாவற்சோலை
10.10.1974

அன்புள்ள மாமி,

தலையிடி மாறியதா? உண்மையை எழுதுங்கள்.

உங்கள் கடிதம் தபாலில் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரமே தீ என்று கந்தோருக்குத் தகவல் வந்துவிட்டது. அன்றே துண்டு எழுதினேன். சனிக்கிழமை தவராசாவின் ஆட்கள் எல்லோரும் உங்கள் கண்டத்தில்தான். ஞாயிறு பின்னேரம் கடைசி லொறி உள்ளே வந்தது. ஒரு தடிகூடத் திரும்பவில்லை. நான் உருளைக்குப் பக்கத்தில் நின்று சாறு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அது சீனி. மற்றக் கண்டங்களின் சீனியோடு ஒரே மூடையில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை வெள்ளைச் சேலையும் குடையுமாக ஒரு அம்மா வாய்க்கால் கட்டில் நின்றதாகப் பஸ் கொண்டக்டர் தவராசாவிடம் சொல்லியிருக்கிறார். தவராசா என்னிடம் சொன்னான். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது மனேஜர் எதிர்க் கதிரையில் இருந்தார். வாசித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வீட்டு விஷயமா என்று கேட்டார். ஓம் என்றேன்.

மாமி, கண்டத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிற விதி இங்கே இல்லை. உங்கள் பெயரை எழுதினால் இரண்டு பாதியும் போகும். ஸைனுலாப்தீன் காக்காவுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே மற்றவர்களுக்கு எழுதியதையே எழுதினேன். அவர்களுக்கு எழுதியபோது எனக்கு உண்மையில் தெரியாது. இந்தமுறை தெரிந்துகொண்டு எழுதினேன். உங்கள் வீட்டில் வளர்ந்த எனக்கு அது இலேசாக இருக்கவில்லை.

பத்திரம் இதோடு இருக்கிறது. கீழே காணிச் சொந்தக்காரர் கையொப்பம் வேண்டும். அது வந்தால்தான் அவருக்குக் கொடுப்பார்கள். தீபாவளிக்கு வருவீர்களா? இராசமலர் கேட்கிறாள். பிள்ளைக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்துவிட்டது.

உங்கள் மருமகன்,
சோமசேகரம்


டொக்யார்ட் வீதி
24.11.1974

அன்புள்ள சோமு,

தலையிடி அன்றே மாறிவிட்டது. தீபாவளிக்கு வராததற்கு முழங்காலைக் காரணம் சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம். பிள்ளையின் சட்டையைப் பார்சலில் அனுப்பினேன், கிடைத்ததா? தோள் இறுக்கமென்றால் பிரிக்கத் துணி விட்டிருக்கிறேன்.

உன் பத்திரத்தை இவ்வளவு நாளும் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். "தீக்குக் காரணம்: அறியப்படாத நபர்." அதற்குக் கீழே என் கையொப்பமாம். ஐம்பது வருடமாக இந்த வீதியில் இருக்கிறேன். தபால்காரன் இலக்கம் பார்க்காமல் என் கடிதத்தைக் கொண்டுவருகிறான். நான் அறியப்படாத நபரா? என் வாயால் ஒரு பொய் சொல்லாமல் அறுபத்தெட்டு வயதுக்கு வந்தவளை, உன் ஒரு வரிக்குக் கீழே கையொப்பம் வைக்கச் சொல்கிறாய். பேனாவை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். ஆலைக்கு நேரே வந்து மனேஜரின் முகத்துக்கு முன்னால் என் பெயரைச் சொல்லுவோம் என்று ஒருநாள் பஸ் நிலையம் வரையும் போனேன். அங்கே நின்று யோசித்தேன். நான் சொன்னால் எனக்கு நிம்மதி. ஸைனுலாப்தீனுக்கு என்ன? திரும்பி வந்துவிட்டேன்.

பெருநாள் முடிந்து முந்தநாள்தான் அவர் வந்தார். ஸல்ஹா வட்டிலப்பம் கொடுத்து விட்டிருந்தாள். சீனி இல்லாத காலத்தில் எங்கிருந்தோ கருப்பட்டி தேடிச் செய்திருக்கிறாள்.

"ஆலையால கடுதாசி வந்ததாம் அம்மா."

"வந்தது."

"ஒங்களுக்கு மனசில்லையெண்டா வேண்டாம். வெட்டுவாங்க எண்டு சொன்னீங்க, மழைக்கு முன்ன வெட்டினாங்க. எனக்கு அது போதும்."

அந்தப் பேச்சுத்தான் என்னைத் தோற்கடித்தது. போதாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் இருக்கும்போதே கையொப்பம் வைத்தேன். எழுத்துச் சரிவாக விழுந்துவிட்டது. திருத்தவில்லை.

அறியப்படாதது உங்கள் கந்தோருக்கு மட்டும்தான். இங்கே எல்லோருக்கும் தெரியும். சங்கக்கடை வரிசையில் எனக்கு இடம் விடுகிறார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவருகிற தம்பிராசா நேற்றுப் படலையில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு கேட்கிறான்: "அம்மா, மீனை வெட்டித் தரவோ, இல்லாட்டி நீங்களே சுட்டுப்போடுவீங்களோ?" இராசதுரையின் மனைவியிடம் இந்த ஊரில் யாரும் இப்படிக் கதைத்ததில்லை. கதவைச் சாத்தினேன். மீன் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம், நல்ல பாரை.

உன்மேல் கோபம் குறைந்திருக்கிறது, போகவில்லை. முதலில் எனக்கு உரியதைத் தராமல் நல்லவனாக இருந்தாய். பிறகு எனக்காகப் பொய் எழுதினாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண வழி இருந்தது. ஜூன் மாதம் ஒரு துண்டு எழுதியிருந்தால் போதும்.

பத்திரம் இதோடு வருகிறது. ஸைனுலாப்தீனின் பங்கை அவர் கையில் கொடுக்கச் சொல். இன்னொரு விஷயத்தையும் மனேஜருக்கு அறிவி. எங்கள் கண்டம் கரும்பிலிருந்து விலகுகிறது. அதற்கு என் முழுப் பெயரையும் தாராளமாக எழுதலாம்.

அடிக்கட்டை தளிர்த்திருக்கிறது, இன்னொரு வருடம் வைத்துப் பார்ப்போமா என்று ஸைனுலாப்தீனிடம் கேட்கத்தான் இருந்தேன். அதற்குள் மெசின் பிடித்து உழுதுபோட்டாராம். விதைத்தும் ஆயிற்றாம்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமலா?" என்று கேட்டேன்.

"நெல்லுத்தானே அம்மா" என்றார். "வெளைஞ்சா வெட்டலாம். ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்ல."

உங்கள் மூவரின் சுகத்துக்கும் எழுது.

அன்பு மாமி,
கமலாதேவி இராசதுரை